இப்போது என்ன ஓடுகிறது?

கேள்வி இது: “சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி படிக்கிறவர்கள் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? நான் ‘வீல் ஆஃப் டைம்’ தொடரை ஆசையாக ஆரம்பித்து எட்டாம் பாகத்தில் நின்றுவிட்டேன். அடுத்து எதை எடுப்பது என்று தெரியவில்லை. ‘சிறந்த நூறு’ பட்டியல்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.”

எட்டாம் பாகத்தில் நின்றதற்கெல்லாம் வருத்தப்படாதீர்கள். மொத்தம் 14 பாகம். 1990இல் தொடங்கி 2013இல்தான் முடிந்தது. எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமாகிவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதி முடித்தார். எழுதியவர் ஆயுளே போதாத தொடர் அது. நடுப் பாகங்கள் இழுவை என்பதை அதன் தீவிர ரசிகர்களே மறுப்பதில்லை, ‘ஸ்லாக்’ என்று அதற்குச் செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். நான் பத்தாம் பாகத்தில் இறங்கிக்கொண்டவன். திரும்ப ஏறும் உத்தேசம் இல்லை.

சரி, என் கையில் இப்போது இருப்பவை மூன்று. இரவில் எமிலி டெஷ் எழுதிய ‘சம் டெஸ்பரேட் க்ளோரி’. பகலில் கிடைக்கிற நேரத்தில், உர்சுலா லெ குவினின் ‘தெஹானு’, இது மறுவாசிப்பு. இடையிடையே ஓமெலாஸ் என்ற கற்பனை ஊரைச் சுற்றி எழுந்த மூன்று சிறுகதைகள். இந்த மூன்றையும் ஏன் எடுத்தேன் என்று சொன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

பாளையங்கோட்டையில் நாங்கள் ஆறேழு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். எல்லோருக்கும் மூத்தவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். உட்கார்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “என்ன ஓடுது?” புத்தகத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் விட மாட்டார். அடுத்த கேள்வி உடனே வரும்: “அது யார்கூட சண்டை போடுது?”

முதலில் எனக்கு அது விளங்கவில்லை. போகப்போகத்தான் பிடிபட்டது. இந்த வகை எழுத்தில் ஒரு புத்தகம் இன்னொரு புத்தகத்துக்குப் போட்ட பதிலாக இருப்பது மிகச் சாதாரணம். ஒருவர் ஒரு கதை எழுதுவார். பத்து வருடம் கழித்து இன்னொருவர் அதே விண்கலம், அதே ஆயுதம், அதே வேற்றுக்கிரகவாசியை எடுத்துக்கொண்டு, “நீ சொன்னது சரியில்லை” என்று வேறொரு கதை எழுதுவார். தனியாகப் படித்தால் இரண்டாவது கதை பாதிதான் விளங்கும். அதனால் என் யோசனை: பட்டியலைப் பார்க்காதீர்கள், தொடரையும் பார்க்காதீர்கள். ஜோடி ஜோடியாகப் படியுங்கள்.

இது நாங்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. இந்த வகை பிறந்த விதமே அப்படி. லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்கா போன ஹியூகோ கெர்ன்ஸ்பேக், 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். முழுக்க முழுக்க அறிவியல் புனைவுக்கென்றே வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை அது. அதில் வாசகர் கடிதப் பகுதி ஒன்று வந்தது. நம் வார இதழ்களில் கடிதம் எழுதியவரின் பெயரும் ஊரும் போடுவார்கள், அவ்வளவுதான். கெர்ன்ஸ்பேக் முழு முகவரியையும் அச்சிட்டார். விளைவு என்ன? போன இதழ்க் கதையில் ராக்கெட் கணக்கு தப்பு என்று ஒருவன் எழுதினால், “கணக்கு சரிதான், உனக்குத்தான் தெரியவில்லை” என்று இன்னொருவன் நேராக அவன் வீட்டுக்கே கடிதம் போட்டான். கடிதம் நட்பானது, நட்பு சங்கமானது. 1930இல் அப்படி ஒரு கடிதச் சங்கம் ‘த காமெட்’ என்று சொந்தமாக ஓர் இதழே நடத்தியது. ரசிகர்கள் நடத்தும் இப்படிப்பட்ட இதழ்களுக்கு ‘ஃபேன்சீன்’ என்ற பெயர் வந்தது 1940இல்தான். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு கூடியபோது சுமார் 200 பேர் வந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பஸ் ஏறி வந்த 18 வயதுப் பையன், பின்னாளில் பெரிய எழுத்தாளரான ரே பிராட்பரியும் அதில் ஒருவர். அந்த முதல் மாநாட்டிலேயே கோஷ்டிச் சண்டை வந்து சில பேரை உள்ளே விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலக்கியக் கூட்டம் என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

இன்னொரு பெரிய எழுத்தாளரான ஐசக் அசிமோவும் அந்தக் கடிதப் பகுதிகளில் வளர்ந்தவர்தான். அவர் அப்பா புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். கடையில் பத்திரிகைகளும் விற்பனைக்கு உண்டு, ஆனால் அந்த மலிவுக் கதைப் பத்திரிகைகளைப் பையன் தொடக் கூடாது. ஒரு பத்திரிகையின் பெயரில் ‘சயின்ஸ்’ என்ற சொல் இருந்ததைக் காட்டி, “இது அறிவியல், பாடத்துக்கு உதவும்” என்று அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். படித்து முடித்ததும் கசங்காமல் திரும்ப ரேக்கில் வைத்துவிட வேண்டும், அது விற்றாக வேண்டிய சரக்கு.

இனி ஜோடிகளுக்கு வருகிறேன்.

டெஷின் நாவல் ஜோடி இல்லை, மூன்றாவது ஆள். அதற்கு முன்னால் இரண்டு பேர் பேசிவிட்டார்கள். முதலில் பேசியவர் ராபர்ட் ஹைன்லைன், 1959இல் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில். மனிதர்களுக்கும் பூச்சி போன்ற வேற்றுயிர்களுக்கும் போர். இயந்திரக் கவசம் போட்டுக்கொண்டு கிரகத்தின் மேல் குதிக்கும் காலாட்படை. அரசுக்குச் சேவை செய்து முடித்தவனுக்குத்தான் ஓட்டுரிமை. பாதி நாவல் வகுப்பறையில் நடக்கிறது, ஒரு வாத்தியார் கடமை பற்றிப் பாடம் நடத்துகிறார். எனக்கு அந்த வாத்தியார்மேல் கடுங்கோபம் உண்டு, ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது என்பதும் உண்மை. ஹைன்லைன் கடற்படை அகாடமியில் படித்தவர். காசநோய் வந்ததால் 1934இல் பணியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. போர்க்களத்தைப் பார்க்காதவர்.

பார்த்தவர் ஜோ ஹால்டமன். இயற்பியல் படித்து முடித்த கையோடு ராணுவம் அவரைக் கட்டாயமாக இழுத்துக்கொண்டது. வியட்நாமில் பொறியியல் படைப்பிரிவில் இருந்து, பலத்த காயத்தோடு திரும்பினார். 1974இல் அவர் எழுதிய ‘த ஃபாரெவர் வார்’ நாவலிலும் அதே இயந்திரக் கவசம், அதே விண்வெளிக் காலாட்படை, அதே கொடூரப் பயிற்சி. ஆனால் ஹைன்லைன் கண்டுகொள்ளாத ஒன்றை ஹால்டமன் உள்ளே கொண்டுவந்தார், காலத்தை. ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்தில் போகும் கப்பலில் ஓர் ஆண்டு கழிந்தால் பூமியில் ஏழு ஆண்டு ஓடியிருக்கும். 99.99 சதவீதம் என்றால் எழுபது ஆண்டு. இது ஐன்ஸ்டைன் கணக்கு, கற்பனை இல்லை. ஆக, மாண்டெல்லா என்ற சிப்பாய் ஒரு சண்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் விட்டுப்போன உலகமே இருக்காது.

அந்த நாவலின் உள்தலைப்புகளை மட்டும் பாருங்கள். சார்ஜென்ட் மாண்டெல்லா, 2007–2024. லெஃப்டினன்ட் மாண்டெல்லா, 2024–2389. மேஜர் மாண்டெல்லா, 2458–3143. இத்தனைக்கும் நடுவில் அவனுக்கு ஆகிற வயது சில வருடம்தான். பதவி உயர்வுக்குப் பக்கத்தில் நூற்றாண்டுகள் நிற்பதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. முதல் முறை பூமிக்கு வரும்போது இத்தனை வருடச் சம்பளம் வட்டியோடு சேர்ந்து அவன் கணக்கில் குவிந்திருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வயதாகிவிட்டது என்பதால் அரசாங்கம் வைத்தியம் மறுக்கிறது. பணம் இருக்கிறது, பயன் இல்லை. திரும்பவும் பட்டாளத்துக்கே போகிறான், வேறு எங்கும் அவனுக்குப் பேச ஆள் இல்லை.

என் பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். டீக்கடையில் போன வருட விலைக்குச் சில்லறையை எண்ணி வைப்பார், கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னும் கேட்பார். தெருவில் ஒருவரை விசாரிப்பார், அவர் போய் எட்டு மாதம் ஆகியிருக்கும். ஹால்டமனைப் படித்தபோது எனக்கு வியட்நாம் ஞாபகம் வரவில்லை, பெரியப்பா எண்ணி வைத்த அந்தச் சில்லறைதான் வந்தது.

அந்த நாவலை நிறையப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. வியட்நாம் பற்றி யாரும் படிக்க மாட்டார்கள் என்பது அப்போதைய எண்ணம். பத்திரிகையில் தொடராக வந்தபோது, பூமிக்குத் திரும்பும் பகுதி மிகவும் சோர்வாக இருக்கிறது என்று ஆசிரியர் ஏற்கவில்லை. ஹால்டமன் அதை மாற்றி எழுதிக் கொடுத்தார். முதலில் எழுதிய வடிவம் பின்னாளைய பதிப்புகளில்தான் திரும்ப வந்தது. ஆகவே பழைய புத்தகக் கடையில் எழுபதுகளின் பதிப்பு கிடைத்தால் அட்டைக்காக வாங்குங்கள், படிப்பதற்குப் புதியதை எடுங்கள். நான் மேலே சொன்ன அம்மா அந்தப் பகுதியில்தான் இருக்கிறாள். ஹைன்லைன் கோபித்துக்கொள்ளவில்லை, இந்த நாவலைப் பாராட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். கதைக்குக் கதைதான் பதில் என்பதை அந்தத் தலைமுறை சாதாரணமாக எடுத்துக்கொண்டது.

டெஷ் வருவது 2023இல். அடுத்த ஆண்டு ஹியூகோ விருதும் வந்தது (இந்த வகை எழுத்துக்கான அந்த விருது, முகவரி அச்சிட்ட அதே ஹியூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயரில்தான் இருக்கிறது). இதில் போர் ஏற்கனவே முடிந்துவிட்டது. பூமி அழிந்து 1400 கோடிப் பேர் செத்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு சிறு கூட்டம் ஒரு விண்வெளி நிலையத்தில் பிள்ளைகளைப் பழிவாங்கும் சிப்பாய்களாக வளர்க்கிறது. கிர் என்ற 17 வயதுப் பெண் அங்கே நம்பர் ஒன் மாணவி. சொல்லிக் கொடுத்ததையெல்லாம் அப்படியே நம்புகிறவள், மற்ற பெண்களை மிதிக்கிறவள், வேற்றுயிர் என்றால் அருவருப்பு. நாவல் அவள் கண்ணுக்குள்ளிருந்து நடக்கிறது. முதல் நூறு பக்கம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, எங்கள் குழுவில் ஒருவர் கிரைத் தாங்க முடியாமல் விட்டேவிட்டார். ஹைன்லைனின் வாத்தியார் நடத்திய பாடத்தை ஒரு பெண் உண்மையிலேயே மனப்பாடம் செய்திருந்தால் எப்படி இருப்பாள் என்று கேட்டால், இப்படித்தான் இருப்பாள். பணி ஒதுக்கும்போது அவளுக்குப் படைப்பிரிவு கிடைப்பதில்லை. பிள்ளை பெறுகிற பிரிவில் போடுகிறார்கள். கதை அங்கே திரும்புகிறது. மிச்சத்தை நான் சொல்லக் கூடாது. தலைப்பு வில்ஃப்ரெட் ஓவனின் கவிதையிலிருந்து எடுத்தது. முதல் உலகப் போர் நிற்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 25 வயதில் செத்த கவிஞர் அவர்.

அடுத்தது ஓமெலாஸ். உடனே தொடங்க வேண்டும், நேரமும் இல்லை என்றால் இதிலிருந்தே தொடங்குங்கள். மூன்றும் சிறுகதை, ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடும். 1973இல் லெ குவின் எழுதிய கதையில் ஓமெலாஸ் என்பது ஆனந்தமான ஒரு நகரம். கோடைத் திருவிழா, குதிரைப் பந்தயம், மணியோசை. அந்த ஆனந்தம் மொத்தமும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நிலவறையில் ஒரு குழந்தை அழுக்கிலும் இருட்டிலும் பட்டினியிலும் பூட்டிக் கிடக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். பெரும்பாலோர் பழகிக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஊரை விட்டு நடந்து போய்விடுகிறார்கள். கதை அங்கே முடிகிறது. ஊர்ப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஓரிகான் மாநிலத்து சேலம் நகரின் பெயர்ப்பலகையைக் கார் கண்ணாடியில் பின்னிருந்து முன்னாகப் படித்தாராம்.

எங்கள் மாடியில் இந்தக் கதையைப் படித்த அன்று எல்லோரும் நடந்து போனவர்களைப் பற்றி உருகிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு, “போனவன் போயிட்டாம்லா தம்பி, பிள்ள உள்ளதான கெடக்கு?” என்றார். பேச்சு அதோடு நின்றுபோனது.

பின்னால் வந்தவர்கள் கேட்டதும் அதைத்தான். என். கே. ஜெமிசின் 2018இல் வெளியான தன் தொகுப்பில், வெளியே போகாமல் நின்று போராடுகிறவர்களின் நகரம் ஒன்றை எழுதினார். அந்தப் போராட்டத்தில் ரத்தமும் உண்டு என்பதை மறைக்கவில்லை, படித்துவிட்டு அவரோடு உடன்படுவது சுலபமும் இல்லை. இசபெல் ஜே. கிம் 2024இல் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ இதழில் எழுதிய கதை இன்னும் குரூரம். யாரோ உள்ளே புகுந்து அந்தக் குழந்தையைக் கொன்றுவிடுகிறார்கள். ஊர் என்ன செய்யும்? இன்னொரு குழந்தையைத் தேடும். வலைத்தளச் சண்டைகளில் வரும் அலட்சியமான தொனியில் கதை ஓடுகிறது, சிரித்துக்கொண்டே படித்துவிட்டுக் கூசிப்போனேன். இந்த வகை எழுத்துக்கான இன்னொரு விருதான நெபுலாவை வாங்கிய கதை. அந்த இதழின் தளத்தில் காசில்லாமலே படிக்கலாம். ஆனால் லெ குவினைப் படிக்காமல் கிம்மைப் படித்தால் அது வெறும் கிண்டலாகத் தெரியும், அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

‘தெஹானு’தான் நான் அதிகம் பேச விரும்புகிற புத்தகம். காரணம், இங்கே எழுத்தாளர் சண்டை போடுவது தன்னோடு.

லெ குவினின் எர்த்சீ வரிசையில் முதல் மூன்று நாவல்கள் 1968, 1971, 1972இல் வந்தன. தீவுக்கூட்டங்கள் நிறைந்த உலகம். ஆடு மேய்க்கிற ஒரு பையன் மாபெரும் மந்திரவாதி ஆகிறான். பையன் செம்பழுப்பு நிறம், அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் கறுப்பு, பழுப்புத் தோல்காரர்கள். அட்டைப்படக்காரர்கள் அவனை வெள்ளைக்காரனாக வரைந்துகொண்டே இருந்தார்கள், லெ குவின் எதிர்த்துக்கொண்டே இருந்தார். மந்திரம் வேலை செய்யும் விதம் எளிமையானது: ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதைத் தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. அதனால் யாரும் தன் உண்மைப் பெயரைச் சொல்வதில்லை, புழங்குவதற்கு வேறு பெயர்.

முதல் நாவலில் ஓர் இடம். கெட் என்ற அந்தப் பையன் கர்வத்தில் ஒரு பெரும் தவறு செய்து, உயிர் தப்பி, முகத்தில் தழும்போடு ஆளே சுருங்கிக் கிடக்கிறான். மந்திரப் பள்ளியில் யாரும் அவனோடு ஒட்டுவதில்லை. ஊருக்குக் கிளம்பும் நண்பன் ஒருவன் விடைபெற வருகிறான். ஆறுதல் ஒன்றும் சொல்வதில்லை. தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுகிறான். உன் கையில் என்னை அழிக்கிற ஆயுதத்தைக் கொடுக்கிறேன், வைத்துக்கொள் என்று அர்த்தம். கெட் பதிலுக்குத் தன் பெயரைச் சொல்கிறான். அவ்வளவுதான் காட்சி, ஒரு பக்கம்கூட வராது. நட்பை இதைவிடச் சிக்கனமாக எழுதிய இடம் ஃபேன்டஸியில் நான் படித்தவரை இல்லை.

இந்தப் பெயர் விஷயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. லெ குவினின் அப்பா ஆல்ஃப்ரெட் குரோபர் மானுடவியலாளர். 1911இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குப் பக்கத்தில், தன் இனம் மொத்தமும் அழிந்துபோன ஒரு பழங்குடி மனிதர் பசியோடு தனியாக வந்து நின்றார். அவரைச் சான் ஃபிரான்சிஸ்கோவின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தவர் குரோபர். அந்த மனிதர் கடைசிவரை தன் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வது அவர்கள் வழக்கம் இல்லை, அறிமுகம் செய்துவைக்கத் தன் இனத்தில் ஒருவரும் மிஞ்சவும் இல்லை. ‘இஷி’ என்று குரோபர் கூப்பிட்டார். அவர்கள் மொழியில் ‘மனிதன்’ என்று பொருள். 1916இல் காசநோயில் இறந்தார், பெயர் அவரோடு போய்விட்டது. லெ குவின் பிறந்தது 1929இல், இஷியைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் அம்மா தியடோரா குரோபர் 1961இல் இஷியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஏழு வருடம் கழித்து மகள் எழுதிய நாவலில் யாரும் உண்மைப் பெயரைச் சொல்வதில்லை.

நமக்கு இது அப்படியொன்றும் அந்நியம் இல்லை. எங்கள் ஆச்சி தாத்தா பெயரைச் சொல்லவே மாட்டாள். ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டால், “ஆறு மொகம் உள்ள சாமி பேரு” என்று சொல்லிவிட்டு என் முதுகில் தட்டுவாள், நான் சொல்ல வேண்டும்.

மூன்று நாவலோடு எர்த்சீ முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 18 வருடம் கழித்து, 1990இல் ‘தெஹானு’ வந்தது. அந்த உலகில் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் என்றாலே மட்டம் என்று பழமொழி இருக்கும் ஊர் அது. இளம் லெ குவின் எழுதியது. அறுபது வயது லெ குவின் திரும்பி வந்து, “இதை ஏன் அப்படி விட்டேன்?” என்று கேட்டுக்கொள்கிறார். கதாநாயகன் கெட் சக்தி முழுவதையும் இழந்து, வெட்கத்தில் ஆள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிகிறான், திரும்ப ஆடு மேய்க்கப் போகிறான். கதை ஒரு நடுவயது விதவையின் கையில் இருக்கிறது. அவள் வீட்டில் தீயில் சுட்ட முகத்தோடு ஒரு சிறுமி. டிராகன் சண்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கிடைப்பது பாத்திரம் கழுவுதல், ஆட்டுப்பால், இரவில் கதவுக்கு வெளியே ஆண்களின் காலடிச் சத்தம். அந்தச் சத்தம் வரும் பக்கங்களில் நான் அடைந்த பயம் எந்தப் பிசாசுக் கதையிலும் அடைந்ததில்லை.

பழைய ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். நானும் இருபது வயதில் படித்தபோது பாதியில் மூடிவைத்தேன், “ஒன்றுமே நடக்கவில்லை” என்று. இப்போது நாற்பத்தைந்து ஆகிறது. அப்போது எப்படி ஒன்றும் நடக்காததாகத் தெரிந்தது என்று எனக்கே விளங்கவில்லை. இதை முதல் மூன்றும் படிக்காமல் எடுக்காதீர்கள். மூன்றும் சேர்த்தே உங்கள் ‘வீல் ஆஃப் டைம்’ ஒரு பாகத்தின் கனம்கூட வராது.

வேற்றுக்கிரகத்திலிருந்து சிக்னல் வருகிற கதைகளில் ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. கார்ல் சேகனின் ‘காண்டாக்ட்’ (1985), லியு சிஷினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’. இரண்டிலும் வானொலி அலைகளைக் காதில் வாங்குகிறவர் ஒரு பெண் விஞ்ஞானி. சேகனின் பெண்ணுக்கு வருவது பகா எண்கள், அப்புறம் ஓர் இயந்திரத்தின் வரைபடம், அதாவது அழைப்பு. லியுவின் பெண் சீனாவின் கலாச்சாரப் புரட்சியில் தன் அப்பாவை அடித்தே கொன்றதைக் கண்ணால் பார்த்தவள். அவளுக்கு வருவது எச்சரிக்கை. அவள் என்ன செய்தாள் என்பதுதான் கதை. லியுவின் நாவல் 2006இல் சீனாவின் செங்டு நகரிலிருந்து வரும் ஓர் இதழில் தொடராக வந்தது. சீனப் புத்தகத்தில் அந்தக் கலாச்சாரப் புரட்சிக் காட்சி நடுவில் ஒளிந்திருக்கும், 2014இல் ஆங்கிலமாக்கிய கென் லியு அதை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தார், ஆசிரியர் முதலில் எழுதியதும் அப்படித்தான். லியு சிஷின் ஓர் அனல்மின் நிலையத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. “நைட் ஷிஃப்ட்ல எழுதிருப்பான், எனக்குத் தெரியும்” என்கிறார். கதாபாத்திரங்கள் அட்டை மாதிரி இருப்பதாக நான் சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. அட்டைதான், ஆனாலும் படிக்க வேண்டிய புத்தகம்.

தமிழிலேயே ஆரம்பிக்கலாமா என்றால், தாராளமாக. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் இன்றும் ஓடுகின்றன. ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுகிற பேச்சுக்காகவே படிக்கலாம். அதற்குப் பக்கத்தில் ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பை வையுங்கள். சுஜாதா ரோபோவையும் கணினியையும் வைத்துக் கதை சொன்னார் என்றால், இதில் சித்த மருத்துவமும் ரசவாதமும் அறிவியலாக வருகின்றன. அண்ணாச்சியின் கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம், நன்றாகவே வேலை செய்கிறது.

வரிசை என்று கேட்டால், முதல் வாரம் ஓமெலாஸ் கதைகள் மூன்றும். பிறகு எர்த்சீ முதல் நாவல். அது பிடித்தால் அந்த வரிசையிலேயே ‘தெஹானு’ வரை போங்கள், பிடிக்காவிட்டால் ஹால்டமன். ஹைன்லைனை முதலில் படிக்க வேண்டுமா என்றால், நியாயமாகப் படிக்க வேண்டும், ஆனால் அந்த வகுப்பறைப் பக்கங்களில் நீங்கள் மறுபடி நின்றுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. ஹால்டமனைப் படித்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

டெஷின் நாவலில் எனக்கு இன்னும் அறுபது பக்கம் பாக்கி. கிர் கெட்டவளாகவே இருந்துவிடுவாளா என்று தெரியாத இடத்தில் அடையாளத் தாள் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு எங்கள் கூட்டம்.